திங்கட்கிழமை காலையில் மட்டும் எழ மறுக்கும் டிரைவ்

கேள்வி:
வணக்கம். நூற்பாலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேனை இயக்கும் 15 கிலோவாட், 415 வோல்ட் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்று எட்டு ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடியது. ஒரு மாதமாக, ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலையில் சப்ளை கொடுத்தால், டிஸ்ப்ளே மின்னி அணைகிறது; உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது. டிசி பஸ்ஸில் (ஏசியை டிசியாக மாற்றிய பின் வரும் உள் லைனில்) 585 வோல்ட் இருக்கிறது. மூடியைக் கழற்றி, பவர் போர்டின் மீது ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் சூடான காற்றை அடித்தால் எழுந்துவிடுகிறது. பிறகு வாரம் முழுவதும் பிரச்சினை இல்லை. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1:
585 வோல்ட் வருவதால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 24 வோல்ட் டெர்மினலில் இணைத்திருக்கும் வெளி ஒயர்களையும், டிரைவின் கூலிங் ஃபேன் கனெக்டரையும் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள். பஞ்சுத் தூசி அடைத்து ஷார்ட் ஆன ஃபேன் ஒன்றே உள் சப்ளையை இப்படி இழுத்துவிடும்.

பதில் 2:
ஃபேனைக் கழற்றிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் ஷார்ட் என்றால் சூடு காட்டியதும் சரியாகிவிடாதே. சூட்டில் எழுகிறது என்பதே இங்கு முக்கியமான தடயம். எலக்ட்ரோலைட் வற்றிய கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் (உள் மின்தடை) குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும். பெரும்பாலான டிரைவ்களில் எஸ்எம்பிஎஸ் (டிஸ்ப்ளே, கன்ட்ரோல் பகுதிகளுக்கான உள் பவர் சப்ளை) டிசி பஸ்ஸிலிருந்தே இயங்குகிறது. அதைக் கட்டுப்படுத்துவது யூசி3844 வகை ஐசியாக இருந்தால், ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக அதன் சப்ளை கெப்பாசிட்டர் ஏறத்தாழ 16 வோல்ட் வரை ஏறியதும் ஐசி வேலையைத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று சப்ளையை ஏற்றுக்கொள்ளும் வரை அந்தக் கெப்பாசிட்டர்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். தாங்காமல் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஐசி நின்று, மறுபடி தொடங்கும். நீங்கள் கேட்கும் ‘டிக்’ அதுதான். ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருந்தால் அந்தச் சத்தமே வந்திருக்காது. ஐசிக்கு அருகிலுள்ள சிறிய கெப்பாசிட்டரைக் கழற்றி இஎஸ்ஆர் மீட்டரில் பாருங்கள். மல்டிமீட்டரின் மைக்ரோஃபாரட் அளவை மட்டும் நம்ப வேண்டாம். மாற்றும்போது 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகையையே போடுங்கள்.

பதில் 3:
சப்ளை இருக்கும் போர்டின் மீது ஹேர் டிரையரைப் பிடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஐயா. சப்ளையைத் துண்டித்த பிறகும், லேபிளில் குறித்துள்ள நேரம் காத்திருந்து, டிசி பஸ்ஸை மீட்டரால் அளந்து உறுதிசெய்த பின்னரே கை வையுங்கள். ஆசிலோஸ்கோப் வைப்பதானால் டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) அவசியம். பஸ்ஸின் நெகட்டிவ் எர்த் அல்ல என்பதால், சாதாரண புரோபின் எர்த்தோடு இணைந்த கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் ஸ்கோப்பும் போர்டும் சேர்ந்தே போய்விடும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஃபேனையும் வெளி ஒயர்களையும் கழற்றியும் மாற்றமில்லை. ஐசி அருகிலிருந்த 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மீட்டரில் 41 காட்டியதால் முதலில் நல்லதென்றே எண்ணினேன். இஎஸ்ஆர் 14 ஓம் வந்தது, கடையில் வாங்கிய புதியதில் அரை ஓம் கூட இல்லை. மேலே உப்பவில்லை, காலடியில் மட்டும் பழுப்புக் கறை இருந்தது. அதையும், டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (வெளியீட்டு) பக்கத்தில் இருந்த இரண்டையும் மாற்றினேன். இரண்டு திங்கட்கிழமைகள் கடந்துவிட்டன. ஸ்விட்ச் போட்டதும் டிஸ்ப்ளே வந்துவிடுகிறது. அதே ஆண்டில் வாங்கிய மற்ற மூன்று டிரைவ்களையும் அடுத்த ஞாயிறு திறந்து பார்க்கவிருக்கிறேன்.