பாசி ஓரத்தில் ஸ்பின்னர் இழுக்க எந்தத் தகடு நல்லது?

நண்பர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் நானும் ஆனேக்கல் பக்கம் ஒரு ஏரிக்குப் போகிறோம். மீன் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவருடைய பரிசலிலேயே. கரையோரம் முழுக்க வேலம்பாசி, அங்கங்கே ஆகாயத்தாமரை. விரால் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. மூச்சு வாங்க மேலே வந்து வாய் திறப்பது துடுப்பு எட்டும் தூரத்தில் தெரிகிறது.

மாமா மெதுவாகத் துடுப்புப் போட, நான் 20 மீட்டர் தங்கூஸ் (தூண்டில் நரம்பு) விட்டு ஸ்பின்னரை, அதாவது தகடு சுற்றும் போலி இரையை, இழுக்கிறேன். தகடு சுற்றினால் கோல் நுனி துடிக்கும். ஒரு நூல் பாசி மாட்டினாலும் அந்தத் துடிப்பு நின்றுவிடும். போன வாரம் பாதி நேரம் முள்ளில் இருந்து பாசி பிடுங்குவதிலேயே போனது.

வட்டமான கொலராடோ தகடு மெதுவான இழுப்பிலும் சுற்றுகிறது, ஆனால் பாசியை வாரிக்கொண்டு வருகிறது. நீளமான வில்லோ தகடு பாசியில் நழுவி வரும், சரி. அதற்கு வேண்டிய வேகம் பரிசலில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தியானா தகட்டை இப்படிப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு, பாசித் தடுப்புக் கம்பி வைத்த ஒற்றை முள் போட்டால் விரால் கடி தவறுமா? அப்புறம், முறுக்கு விழாமல் இருக்க இடையில் கட்டும் சுழலி போட்டும் தங்கூஸ் முறுக்கிக்கொள்கிறது. ஒன்று போதாதா?

மாமா அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் ஒரு விராலாவது அவர் கையால் தூக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.