புதுப்பிப்பு: தம்பியின் விபத்து வழக்கு
மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போகும் வழியில் லோரி மோதி முதுகுத்தண்டு அடிபட்ட என் தம்பிக்கு நல்ல வழக்கறிஞர் யாரென்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றி. வார்டுக்கே வந்து, "கிடைப்பதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று கையெழுத்துக்குக் காகிதம் நீட்டிய ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அப்படிப் பங்கு பேசி வழக்கு நடத்த 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் கொடுக்காது.

இப்போது ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அக்கா எடுத்திருக்கிறார். வழக்குப் போட விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு அவகாசம் உண்டு, மருத்துவ அறிக்கை முழுதாக வரட்டும் என்கிறார். தம்பிக்கு 27 வயது. 30க்குள் என்பதால் வருங்கால வருமான இழப்பை 16 ஆண்டுக்குப் பெருக்கிக் கணக்கிடுவார்களாம். டயப்பர், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பில்லைக்கூட விடாதீர்கள் என்றார். அம்மா எல்லாவற்றையும் மைலோ டின்னில் போட்டு வைக்கிறார். சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனு தனியாகப் போயிருக்கிறது.