புதுப்பிப்பு: ஐப்பசியில் முட்டை நின்ற நாட்டுக்கோழிகள் மறுபடி இடுகின்றன

ஐப்பசி மழையில் எங்கள் 7 கோழிகளும் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தியதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

முதலில் குடற்புழு மருந்து கொடுத்தோம். அப்புறம் மார்கழியில் பகல் சுமார் 11½ மணி நேரம்தான், முட்டையிட அந்த வெளிச்சம் போதாது என்று ஒருவர் சொன்னதால், சாயங்காலம் கூண்டில் பல்பு போட்டோம். இரண்டு வாரமாகியும் மாற்றம் இல்லை.

கை கொடுத்தது தாராபுரத்து அக்கா சொன்ன கரையான். இறகு பெரும்பாலும் புரதம்தான், வெறும் சோளமும் கம்பும் போட்டால் எப்படி முளைக்கும் என்று கேட்டிருந்தார். பழைய மண்பானையில் ஈரச் சாணி, கிழிந்த சாக்கு, தென்னை மட்டைத் துண்டு திணித்து, பொழுது சாய வேலியோரப் புற்றருகே கவிழ்த்து வைத்தோம். விடிந்ததும் எடுத்துக் கொட்டினால் கோழிகள் பாய்ந்து வருகின்றன. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரையான் இறங்கிப் போய்விடும். கழுத்து இறகு மூன்றாவது வாரத்தில் மூடியது. மார்கழி கடைசியில் முதல் முட்டை, இப்போது தை, ஐந்து கோழிகள் இடுகின்றன. கரையான் இல்லாமலும் இறகு வந்திருக்கும்தான், ஆனால் போன வருடம் மாசி வரை காத்திருந்தோம்.

எதிர்பாராதது ஒன்று. மாட்டுக்குச் சோளத்தட்டு உருவப் போன அம்மா, தட்டுப் போருக்கு அடியில் 9 முட்டைகளோடு செவலைக் கோழி அடைகாப்பதைப் பார்த்தார். அது முட்டையை நிறுத்தவே இல்லை! முட்டை காணவில்லை என்றால் முதலில் போரடியைப் பாருங்கள்.