மறு: ஆர்.சி.சி.பி.க்கு (Residual Current Circuit Breaker, மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டும் பெட்டி) தமிழில் என்ன சொல்லலாம்?

> எஞ்சிய மின்னோட்டச் சுற்றுமுறிப்பான் என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

எஞ்சியது என்றால் பானையில் மிஞ்சிய சோறு மாதிரி இருக்கிறது. அந்தப் பெட்டி செய்வது கணக்குப் பார்க்கிற வேலை: ஃபேஸ் கம்பியில் போனது அவ்வளவும் நியூட்ரல் கம்பியில் திரும்பியதா? 30 மில்லி ஆம்பியர் குறைவதற்குள் (வீடுகளில் பெரும்பாலும் இந்த அளவுதான்) வெட்டிவிடும். குறைந்தது எங்கோ கசிந்திருக்கிறது, ஒருவேளை யாருடைய உடல் வழியாகவோ. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் போனால் மட்டும் வெட்டும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது.

அதனால் கசிவு என்ற சொல் கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டில் கீசரைப் போட்டாலே ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. வந்த எலக்ட்ரீசியன், இந்தப் பெட்டியைப் பழைய பெயரிலேயே சொல்லி, "இ.எல்.சி.பி. போயிடுச்சு சார், எடுத்துட்டு நேரா குடுத்துடறேன்" என்றார். போயிருந்தது கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் காயில். பெயரிலேயே கசிவு இருந்திருந்தால் அதைத் தேடியிருப்பாரோ என்னவோ.

இ.எல்.சி.பி.யில் உள்ள எர்த் லீக்கேஜை அப்படியே பெயர்த்து நிலக்கசிவு என்பதும் வேண்டாம். அந்தப் பெயர் கொண்ட பழைய வகை, எர்த் கம்பியில் ஏறும் மின்னழுத்தத்தைக் கவனித்தது. இது எர்த் பக்கம் திரும்புவதே இல்லை. மின்கசிவு என்றாலோ, ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடித்ததையும் நாளிதழ்கள் அப்படியே எழுதிப் பழக்கிவிட்டன. வெறும் கசிவே போதும்.

துண்டிப்பான் என்றால் கரண்ட் பில் கட்டாத ஞாபகம் வருகிறது. முறிப்பானும் உடைப்பானும் திரும்பப் போடவே முடியாது போல் ஒலிக்கின்றன. ஃபியூஸுக்கு உருகி என்று மூன்றெழுத்தில் அமைந்ததே, அப்படிச் சுருக்கமாக ஒன்று வேண்டும். பாக்குவெட்டி, நகவெட்டி வரிசையில் கசிவுவெட்டி? எம்.சி.பி.க்கு மிகைவெட்டி என்று ஜோடியும் கிடைக்கும்.

*

> கசிவுவெட்டி

வெட்டிப்பேச்சு நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை, என் ஓட்டு இதற்கே. முன்பு இந்தக் குழுவில் யாரோ சொன்ன 'உயிர்காப்பான்' என்ற பெயர்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல், காலில் நல்ல ரப்பர் செருப்பு என்றால் போனதும் வந்ததும் சரியாக இருக்கும். ஷாக் அடித்தாலும் பெட்டி பேசாமல் இருந்துவிடும். காப்பான் என்று எழுதிவிட்டு யார் பதில் சொல்வது?

அப்புறம், மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லும் டெஸ்ட் பட்டன். அழுத்தினால் உள்ளே ஒரு மின்தடை வழியாக வேண்டுமென்றே கொஞ்சம் கசிய விடுகிறது. ஒத்திகைப் பொத்தான் எனலாமா?