ஸ்மோக்கர் கோழி, உள்ளே இளஞ்சிவப்பு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

முற்றத்துப்புகை

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

முழுக்கோழி. உப்புத்தண்ணீரில் இரவெல்லாம் ஊறியது. கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கிற ஸ்மோக்கர் அடுப்பு 120 டிகிரியில் ஆடாமல் அசையாமல் நின்றது, அதில் எனக்குக் குறையே இல்லை. தொடையில் 79, நெஞ்சில் 75 காட்டிய பிறகுதான் இறக்கினேன். பத்து நிமிடம் ஆறவிட்டு மேசைக்குக் கொண்டுபோனேன். தொடையை அண்ணிக்கு வெட்டி வைத்தேன். எலும்பை ஒட்டி அவர் முள்கரண்டியால் பிய்த்தபோது உள்ளே பென்சில் ரப்பர் மாதிரி இளஞ்சிவப்பு. தோலுக்கு அடியிலும் ஒரு நகம் அகலத்துக்கு அதே நிறம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தட்டிலிருந்த துண்டையும் எடுத்து அதில் போட்டார். அந்தக் கை போய்வந்த விதம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

“வெந்திருக்கிறது அண்ணி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்” என்றேன். “கண்ணாலேயே பார்க்கிறேனே தம்பி” என்றார். அதற்குமேல் என்ன பேச? மொத்தக் கோழியையும் ஓவனில் 200 டிகிரியில் அரை மணி நேரம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். நெஞ்சுக்கறி நார்நாராகிவிட்டது. இத்தனைக்கும் தோலடியில் இருந்த சிவப்பு அப்படியே இருந்தது.

நான் செய்தது சரியா, அவர் பயந்தது சரியா? அன்றிலிருந்து ஸ்மோக்கர் பக்கம் போகவே இல்லை. இப்படி உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். ஸ்மோக்கர்தான் என்றில்லை, ஏர் ஃப்ரையர், ஸ்லோ குக்கர் எதுவானாலும் சரி.

மெல்லத்தீ

கோழி வெந்துதான் இருந்தது. ஓவனில் போட்டும் தோலடிச் சிவப்பு போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சாட்சி. பச்சைக்கறியின் சிவப்பு அவ்வளவு சூட்டில் நிற்காது. விறகும் கரியும் எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மையோகுளோபின் புரதத்தோடு சேர்ந்துகொண்டால், பிறகு வேகவைத்தாலும் அந்த நிறம் போகாது. எலும்பை ஒட்டி இருந்தது வேறு சங்கதி. இளங்கோழிக்கு எலும்பு முற்றியிருக்காது, மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து கறியில் ஏறும். கோழிக்கு 74 டிகிரி போதும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

என்னை உறுத்துவது ஓர் ஆட்டுத் தோள். எலும்போடு மூன்று கிலோ. காலை ஆறு மணிக்கு ஏற்றினேன், பதினோரு மணிக்கு உள்சூடு 68. நன்றாக ஏறுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பன்னிரண்டு மணிக்கும் 68. ஒன்றரைக்கு 69. இரண்டே காலுக்குப் பார்த்தால் மறுபடி 68, ஒரு டிகிரி இறங்கியிருந்தது! தெர்மாமீட்டர் போய்விட்டது என்று இன்னொன்றைக் குத்தினேன், அதுவும் 68. ஆட்கள் வரும் நேரம். கை நடுங்க நடுங்கக் கரியை அள்ளிக் கொட்டினேன். அடுப்பு 190க்குப் போய்விட்டது. வெளியே கருகியது, உள்ளே கடித்து இழுக்கிற கறி.

பிறகுதான் விளங்கியது, கறி வியர்க்கிறது. மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது, தீ கொடுக்கும் சூட்டை அதுவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நமக்கு வியர்த்துக் காற்றுப்பட்டால் உடம்பு குளிர்வது மாதிரி. பெரிய துண்டு எதுவானாலும் 65க்கும் 75க்கும் நடுவில் இப்படி மணிக்கணக்கில் நின்றுவிடும். ஈரம் தீர்ந்ததும் தானாக ஏறும். அவசரமென்றால் அலுமினியம் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஆவி போக வழியில்லை, சூடு ஏறிவிடும். இப்போது 68 வந்ததுமே சுற்றிவிடுகிறேன்.

கரித்துண்டு

மெல்லத்தீ சொன்ன விளக்கம் சரி, முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். 68லேயே ஃபாயில் சுற்றினால் அது புகைபோட்ட கறி இல்லை, ஆவியில் வெந்த கறி. ஆறு மணி நேரமாகப் பிடித்துவந்த மேல்தோல் அரை மணியில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டு மணி நேரம் முன்னால் ஏற்றினால் காத்திருக்கலாமே.

என் அனுபவம் சின்னது. முதல்தடவை ஸ்மோக்கரிலிருந்து வெள்ளைவெளேரென்று புகை வந்ததைப் பார்த்து, ‘இதுதான் புகை!’ என்று சந்தோஷப்பட்டேன். சாப்பிட்ட முதல் வாயில் நாக்கு மரத்துப்போனது, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. மறுநாள் காலை காபியிலும் தார் வாசனை.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். கெட்டியான வெள்ளைப்புகை என்றால் விறகு சரியாக எரியவில்லை, காற்று போதவில்லை என்று பொருள். அந்தப் புகையில் இருக்கிற கசப்பெல்லாம் கறிமேல் படிந்துவிடும். நல்ல புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, லேசாக நீலம் தட்டும். மூடியில் இருக்கிற காற்றுத்துளையை முழுக்கத் திறந்தே வையுங்கள், சூட்டைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் கீழ்த்துளையில்தான். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கசக்கும். விறகுச் சில்லுகளைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், வேண்டாம். அந்தத் தண்ணீர் காய்கிறவரைக்கும் வருவது ஆவிதான், புகை அதற்கப்புறம்தான் வரும். பிசின் உள்ள பைன் மாதிரி மரம் ஆகாது. பெயிண்ட் அடித்த பலகை, மருந்து பூசிய பலகை எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள், அது விஷம். கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகுதான் கறியை ஏற்ற வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதை விடுங்கள், ஒவ்வொரு தடவையும் சூடு கொட்டிப்போகிறது. கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் வெளியே உட்கார்ந்தே பார்க்கலாம். இன்னொன்று, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். சூடு சட்டென்று ஏறி இறங்காது, சொட்டுகிற கொழுப்பும் கரிமேல் விழாது.

மெல்லத்தீ

கரித்துண்டு, காத்திருக்க முடிகிறவர்களுக்கு உங்கள் வழி. எனக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு வைத்தாக வேண்டும். 90 வந்ததும் ஃபாயிலைப் பிரித்துக் கடைசி அரை மணி திறந்தே விட்டால் மேல்தோல் மறுபடி காய்ந்துவிடும், செய்து பாருங்கள். பிறகு பேசலாம்.

இரவுப்பானை

முதல் பதிவில் ஸ்லோ குக்கரானாலும் சரி என்று இருப்பதால் எழுதுகிறேன். நான்கு வருடம் ஆகிறது, வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

சிவப்பு ராஜ்மா. இரவு ஊறப்போட்டேன், காலையில் ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலை வந்து பார்த்தால் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. ‘கடிபடுகிறது, பரவாயில்லை’ என்று பரிமாறிவிட்டேன். இரண்டு மணி நேரம் இருக்கும். முதலில் மகளுக்கு. பிறகு அவருக்கு. பிறகு எனக்கு. ஒரே குளியலறை. மகள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், எட்டு வயது. “அம்மா, நான் ஒரு கரண்டிதானே சாப்பிட்டேன்” என்றாள். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

கெட்டுப்போன உணவு என்றே நினைத்தோம். மருத்துவர்தான் ராஜ்மாவை எப்படி வேகவைத்தீர்கள் என்று கேட்டார். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது, நான்கைந்து கொட்டையே போதும் வாந்தி வர. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் குறைந்த சூட்டில் கொதிநிலையைத் தொடாமலே நின்றுவிடலாம். அதைவிடக் கொடுமை, 80 டிகிரி அளவில் அரைவேக்காடாக வெந்தால் பச்சையாக இருப்பதைவிட ஐந்து மடங்கு வரைக்கும் நஞ்சு கூடலாமாம். மெல்லச் சமைத்தால் நல்லது என்று நான் நம்பியதே எங்களைக் கவிழ்த்தது.

இப்போது ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் கொதிக்கவிட்ட பிறகுதான் ஸ்லோ குக்கருக்குப் போகிறது. பத்து நிமிடம் கொதித்தாலே நஞ்சு போய்விடும் என்கிறார்கள், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உறுதிக்காக 30 நிமிடம் என்கிறது. நான் 30தான்.

இரவெல்லாம் மூவரும் கிடந்தோம். விடிவதற்குள் எல்லோருக்கும் அடங்கிவிட்டது. மகள் இன்றைக்கும் ராஜ்மா தொடுவதில்லை.

நாலுவிசில்

இரவுப்பானை அக்கா, படித்துவிட்டு நேராகப் போய் என் அம்மாவிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார். நன்றி.

பிரஷர் குக்கரில் இந்தப் பயம் இல்லை, உள்ளே 115, 120 டிகிரி வரை போகிறது. ஆனால் நுரைக்கிற பயறு எதையும் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். முக்கால் பானை வைத்துவிட்டு ஆவியைச் சட்டென்று திறந்தேன், நுரையும் தோலுமாகக் கூரை வரைக்கும் அடித்தது. தானாக அடங்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

சின்னக்கூடை

எனக்கு ஏர் ஃப்ரையர். காலியாகச் சூடு ஏறட்டும் என்று வைத்தேன், கழுவுகிற வேலை குறையட்டுமென்று பட்டர் பேப்பரையும் முன்கூட்டியே போட்டுவிட்டேன். மேலே கறியோ காயோ எதுவும் இல்லை. உள்ளே இருப்பது பெரிய மின்விசிறி, அது தாளைத் தூக்கி மேலே சூடாகிற சுருளில் ஒட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பின்பக்கத் துளை வழியாகப் புகை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூடையை இழுக்கப் போனேன், கடைசி நொடியில் கையை எடுத்துக்கொண்டேன். திறந்திருந்தால் காற்றுப் பட்டு எரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு திறந்தால், தாளின் ஓரம் முழுக்கக் கருத்துச் சுருண்டு, நடுவில் வெள்ளையாகவே இருந்தது.

தாள் போடுவதானால் உணவை மேலே வைத்து அழுத்தித்தான் போடவேண்டும்.

மழைநாள்

ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் எழுதவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள் தள்ளினேன். கதவு பாதி திறந்துதான் இருந்தது. ஜுவாலை எல்லாம் அடங்கிக் கரி மட்டும் கனன்றுகொண்டிருந்தது, புகையும் பெரிதாக இல்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தலை வலித்தது. பசி என்று நினைத்தேன். எழுந்தபோது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் போய் நின்றேன், நனைந்தபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கரி கனலாக இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். பாதிக் கதவு போதாது. மழை வந்தால் கறியை எடுத்து ஓவனில் வைத்து முடியுங்கள். புகை ஏற வேண்டியது முதல் சில மணி நேரத்திலேயே ஏறியிருக்கும், பிறகு கறிக்கு வேண்டியது சூடு மட்டும்தான்.

உள்சூடு

முற்றத்துப்புகை, மெல்லத்தீ சொன்ன மாதிரி “வெந்துதான் இருந்தது” என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நிறத்தை வைத்து வேகவில்லை என்று சொல்லக் கூடாது, சரி. அப்படியானால் எண்ணை வைத்து வெந்தது என்று சொல்லுமுன் அந்த எண் சரியா என்று பார்க்க வேண்டாமா?

என்னுடையது நான்கு டிகிரி கூடக் காட்டிக்கொண்டிருந்தது, இரண்டு வருடம். 75 என்று நம்பி எடுத்த கோழியெல்லாம் 71தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது தெரிந்த அன்று இரவு எத்தனை பேருக்கு அந்தக் கோழியைக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர். நன்றாகக் கலக்கிவிட்டு நடுவில் பிடியுங்கள், பக்கத்திலோ அடியிலோ படக்கூடாது. 0 காட்ட வேண்டும். தொடையில் குத்தும்போது முனை எலும்பில் முட்டினாலும் அளவு தவறாகும். இரண்டு மூன்று இடத்தில் குத்தி, அதில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணி பக்கத்தில் சின்னப் பையன் இருந்தான் இல்லையா? அவர் தட்டை நகர்த்தியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முற்றத்துப்புகை

எல்லோருக்கும் நன்றி. உள்சூடு சொன்னது சுருக்கென்று பட்டது, உடனே எழுந்து போய் ஐஸ் பொடித்தேன். 1 காட்டியது. அப்படியானால் அன்றைக்குத் தொடை 78, நெஞ்சு 74.

நேற்று அண்ணி வந்திருந்தார். மறுபடி கோழிதான், ஸ்மோக்கரை மூன்று வாரம் கழித்து முதல்தடவையாகப் பற்றவைத்தேன். வெள்ளைப்புகை அடங்கும்வரை கறியை ஏற்றவில்லை. இறக்குமுன் அவரைக் கூப்பிட்டேன். டம்ளர் ஐஸ்தண்ணீரில் முதலில் காட்டினேன், அப்புறம் தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே குத்தினார். மூன்று இடம். ஒவ்வொரு தடவையும் எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். 80, 82, நெஞ்சில் 76.

வெட்டினால் அதே இளஞ்சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பையன் தட்டில் நெஞ்சுக்கறி இரண்டு துண்டு வைத்தார், தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

“தொடை?” என்றேன்.

“அது அடுத்த தடவை பார்க்கலாம் தம்பி” என்றார்.