பாஸ்வேர்ட் சரியா இருந்தும் சர்வர் உள்ள விடல: செக்யூரிட்டி ஹெட்டர் அனுபவங்கள்

(மூணு ஊர் புரோகிராமர்கள் மாத்தி மாத்திச் சொன்னது; ஊரும் மொழியும்தான் அவங்க பேரு.)

ராணிப்பேட்டை ஜாவா
தோல் ஏற்றுமதி ஆபீஸ். இன்வாய்ஸ் வெளிநாட்டு பையரோட சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜ் வழியா பேசுற) சர்வீஸுக்குப் போகணும். கிளவுட்ல ஓடுற அதே கோடு இங்க ஆபீஸ் மெஷின்ல ஓடல. திரும்பி வந்தது மொட்டையா ஒரு செக்யூரிட்டி எர்ரர். காரணத்தை வேணும்னே வெளிய சொல்ல மாட்டாங்க, சர்வர் லாக்லதான் இருக்கும்.

அனுப்புன எக்ஸ்எம்எல்லைப் பார்த்தா, செக்யூரிட்டி ஹெட்டர்ல நேரம் சொல்ற கிரியேட்டட்ல 15:40:00இசட் (இசட்னா யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்). சுவர்க் கடிகாரத்துலயும் மணி 3:40! 10:10:00இசட்னு இருக்கணும். அஞ்சரை மணி நேரம் எதிர்காலத்துல இருந்து வந்த மெசேஜை எவன் ஏத்துப்பான்? ஜாவாவுல இதைச் செக் பண்ற லைப்ரரி டபிள்யூஎஸ்எஸ்4ஜே டீஃபால்ட்டா 60 செகண்ட் வரைக்கும் எதிர்காலத்துல இருந்தாதான் விடும்.

ஜாவாவுல நேரத்தை எழுத்தாக்குற சிம்பிள்டேட்ஃபார்மேட்ல இசட்டை ஒற்றை மேற்கோளுக்குள்ள போட்டா அது வெறும் எழுத்து, டைம்ஸோன் மாறாது. கிளவுட் மெஷின் யூடிசியில ஓடுனதால அங்க தப்பு தெரியல. அதுக்குப் பதிலா இன்ஸ்டன்ட்.நவ் (யூடிசில இப்போதைய நேரம்) எடுத்து மில்லிசெகண்டோட வெட்டிடுங்க. புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கத்துக்கு மேல போனா சில சர்வர் தள்ளிடும்.

ஆம்பூர் பைத்தான்
நேரம் சரியா இருந்தும் அடி வாங்குற இடம் பாஸ்வேர்ட் டைஜஸ்ட் (பாஸ்வேர்டுக்குப் பதிலா அனுப்புற ஹாஷ்). வரிசை நான்ஸ் (ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்குற ரேண்டம் பைட்ஸ்), கிரியேட்டட், பாஸ்வேர்ட். மூணையும் ஒட்டி ஷா-1 ஹாஷ், அப்புறம் பேஸ்64 (பைட்ஸை எழுத்தா மாத்துற முறை). ஹெட்டர்ல நான்ஸ் பேஸ்64ஆ போகும், ஆனா ஹாஷுக்குள்ள டிகோட் பண்ண பைட்ஸ்தான் போகணும். எல்லாரும் சறுக்குறது இங்கதான்.

டைஜஸ்ட் நீளத்தை எண்ணுங்க. 28 எழுத்து, கடைசியில ஒரே ஒரு சமக்குறி இருந்தா சரி. 56 வந்தா ஹாஷோட பைட்ஸுக்குப் பதிலா அதோட ஹெக்ஸ் எழுத்துகளை பேஸ்64 பண்ணிகினு இருக்கீங்க. பிஹெச்பில ஷா1 ஃபங்ஷனுக்கு ரெண்டாவது ஆர்க்யுமென்ட் ட்ரூ கொடுக்கலைன்னா இதுதான் வரும். ஹாஷுக்கும் ஹெட்டருக்கும் ஒரே கிரியேட்டட் ஸ்ட்ரிங் போகணும், ரெண்டு வாட்டி நேரம் கேட்காதீங்க.

காட்பாடி பிஹெச்பி
அண்ணா, டைஜஸ்டே வேணாம்ங்கிறேன். அதைச் சரிபார்க்க சர்வர் ஒரிஜினல் பாஸ்வேர்டையோ அதுக்குச் சமமான ஒண்ணையோ வெச்சிருக்கணும். பிகிரிப்ட் (திருப்ப முடியாத ஹாஷ்) பண்ணி வெச்சா வேலைக்காகாது. ஹெச்டிடிபிஎஸ் மேல பாஸ்வேர்ட் டெக்ஸ்ட் அனுப்புறதே மேல்.

என் கேஸ் சோப் இல்ல, ரெஸ்ட் (சாதா ஹெச்டிடிபி ஏபிஐ). பேரர் டோக்கன் (லாகினுக்கான அடையாளச் சீட்டு) அனுப்பியும் பிஹெச்பிக்குள்ள ஆத்தரைசேஷன் ஹெட்டர் காலி. அப்பாச்சி வெப் சர்வர் அதை எஃப்பிஎம்முக்கு (பிஹெச்பியை ஓட்டுற புரோசஸ்) கடத்தல. அப்பாச்சி செட்டிங்ல சிஜிஐபாஸ்ஆத் ஆன் போட்டதும் வந்துடுச்சு (2.4.13ல இருந்து உண்டு).

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி யூஸ் பண்றவங்க ஹோம் ஃபோல்டர்ல நெட்ஆர்சி (லாகின் விவரம் வெக்குற) ஃபைல் கீதான்னு பாருங்க. அதுல அந்த ஹோஸ்ட் பேரு இருந்தா, நீங்க கையால போட்ட ஆத்தரைசேஷனை அது அழிச்சு எழுதிடும். செஷன்ல ட்ரஸ்ட்என்வ் ஃபால்ஸ் பண்ணுங்க, ஆனா அப்போ ப்ராக்ஸி செட்டிங்கும் சேர்ந்து போயிடும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் முன்னாடி இருந்தா ஹெட்டர் பேர்ல அண்டர்ஸ்கோர் வைக்காதீங்க, டீஃபால்ட்டா சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும்.

ஆம்பூர் பைத்தான்
தம்பி, பையரோட பாலிசியில ஹாஷ்பாஸ்வேர்ட்னு (டைஜஸ்ட்தான் வேணும்னு) இருந்தா நாம டெக்ஸ்ட் அனுப்ப முடியாது. பைத்தானோட சோப் லைப்ரரி ஜீப்ல யூசர்நேம்டோக்கனுக்கு யூஸ்_டைஜஸ்ட் ட்ரூ கொடுத்துட்டு வேலையைப் பாரு.