ஏ-40இல் டீசல் எஞ்சின்: கியர் பொக்ஸ் இணைப்பில் பட்ட பாடு

கோண்டாவில்காரன்:

அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சமர்செட், யுத்தகால யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். ஸ்டார்ட் பண்ண மட்டும் காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல். அந்த 1200 சிசி எஞ்சின் பிளொக் வெடித்துப் போக, கார் கொட்டிலில் கோழிக்கூடாகக் கிடந்தது. 2020இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி, தெருவில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறிய பிறகுதான் அதை எழுப்ப மனம் வந்தது.

ரொயோட்டா 2சி டீசல் எஞ்சின் ஒன்று கிடைத்தது. அதற்குரிய கியர் பொக்ஸ் கிடைக்கவில்லை; வேறு கொம்பனி வான் ஒன்றின் கியர் பொக்ஸ் மலிவாக வந்தது. நடுவில் மூன்று நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) இரும்புத் தகட்டில் இரண்டையும் இணைக்கும் அடப்டர் வெட்டி, ஒரு கராஜில் சேர்த்துத் தந்தார்கள்.

ஓடியது. ஆனால் கிளச் விடும்போது கார் முழுக்க உதறும், ரிவேர்ஸ் போட்டால் கரகரக்கும். மாதத்துக்கு ஒருமுறை பெல் ஹவுசிங் (கிளச்சை மூடி, கியர் பொக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் உறை) போல்ட் தளரும். இறுக்கினேன், ஸ்பிரிங் வொஷர் போட்டேன், திரும்பவும் இறுக்கினேன். ஒருநாள் கிளிநொச்சி போய்த் திரும்பும்போது ஆனையிறவு தாண்டியதும் அடியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து ரோச் லைற்றோடு கீழே படுத்துப் பார்த்தால், பெல் ஹவுசிங்கின் இடது கீழ்க் காதில், அதாவது போல்ட் போகும் புடைப்பில், தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. துணியால் துடைத்தேன். ஒயில் திரும்பவும் அதே கோட்டில் கசிந்து வந்தது.

கராஜில் "தகட்டை நாலு நூலாக்குவம்" என்றார்கள். நல்ல காலம், அதற்கு முன் சுன்னாகத்தில் லேத் வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் காட்டினேன். "தம்பி, தகடு மெல்லிசு எண்டு ஆர் சொன்னது? தடிப்பாக்கினால் கியர் பொக்ஸ் இன்னும் பின்னுக்குப் போகும், அதின்ர சாஃப்ட் நுனி எஞ்சின் பக்கத்துப் புஷ்ஷுக்குள்ள நிக்காது. முதல்ல ரெண்டின்ர நடுவும் நேராய் நிக்குதோ எண்டு பாப்பம்" என்றார்.

கியர் பொக்ஸையும் கிளச்சையும் கழற்றி, பெல் ஹவுசிங்கை மட்டும் தகட்டோடு பூட்டினார். டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) காந்தத்தால் எஞ்சினின் பின்பக்கச் சுழல் சக்கரமான பிளைவீலில் நிறுத்தி, முனையைக் கியர் பொக்ஸ் வந்து உட்காரும் வட்ட ஓட்டையின் உள்விளிம்பில் வைத்து எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். முள் அங்குலத்தில் ஆயிரத்தில் 24 பங்கு ஓடியது. அதில் பாதி, அதாவது 12, எஞ்சின் நடுவிலிருந்து கியர் பொக்ஸ் நடு விலகிய அளவு. முள் 5க்கு மேல் ஓடக்கூடாது என்பது அவர் கணக்கு. தகட்டில் டவல் பின் (இரண்டு பாகமும் நகராமல் இடம் பிடித்து வைக்கும் இறுக்கமான ஆணி) ஒன்றுமே இல்லை. போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிக்குமே தவிர, இடம் பிடித்து வைக்காது. இது எனக்கு அன்றுதான் விளங்கியது.

போல்ட்டை அரைவாசி தளர்த்தி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி 4க்குக் கொண்டுவந்து, இறுக்கிய பிறகு இரண்டு இடத்தில் துளைத்து டவல் பின் இறக்கினார். ஒரு பின்னேரம் முழுக்க அதற்கே போய்விட்டது. வெடித்த காதுக்கு அலுமினிய வெல்டிங்.

பிறகு பலப்படுத்தும் வேலை. 2சியின் சம்ப் (அடியிலுள்ள ஒயில் தட்டு) வெறும் தகரம், கீழ்ப்பக்கத்தில் கியர் பொக்ஸைப் பிடிக்க ஒன்றுமில்லை. பிளொக்கின் இரு பக்கமும் சும்மா கிடந்த போல்ட் ஓட்டைகளிலிருந்து பெல் ஹவுசிங்கின் அடிவரைக்கும் இரண்டு தாங்குகோல் போட்டோம். இதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் பெல் ஹவுசிங் போல்ட் முழு இறுக்கம், அதன்பிறகே தாங்குகோல். முகத்துக்கு முகம் இடைவெளி இருந்தால் மெல்லிய தகடு வைத்து நிரப்பவேண்டும். வலிந்து இழுத்து இறுக்கினால் அதுவே வெடிக்க வைக்கும்.

கடைசியில் ஐயா கியர் பொக்ஸின் வாலைப் பார்த்துச் சிரித்தார். எஞ்சின் ரப்பரில் நிற்கிறது. வாலை மட்டும் "அசையக்கூடாது" என்று கோண இரும்பால் செசியோடு (காரின் அடிச்சட்டம்) விறைப்பாகப் பூட்டியிருந்தார்கள். பள்ளத்தில் செசி முறுகும்போதெல்லாம் அந்த முறுக்கல் நேரே பெல் ஹவுசிங்குக்குப் போயிருக்கிறது. அங்கும் ரப்பர் மவுண்ட் வைத்தோம். எனக்கென்றால் தகட்டைவிட, தாங்குகோலைவிட, காதை வெடிக்க வைத்தது இதுதான். இரண்டு வருடமாக ஒரு போல்ட்டும் அசையவில்லை.

மைனர் பிரியன், மானிப்பாய்:

என் மொறிஸ் மைனரில் நான் செய்த மடைத்தனம் வேறு. கியர் பொக்ஸ் கடைசி அரை அங்குலம் உள்ளே போகவில்லை. போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் இழுபட்டுப் போகும் என்று நினைத்தேன். காது 'டக்' என்று கழன்று கையில் வந்தது. கிளச் பிளேட் நடுவில் இல்லாததுதான் காரணம். கையால் தள்ளிப் போகாவிட்டால் வெளியே எடுத்துத் திரும்பப் பாருங்கோ.

வேலணைப் பெடியன்:

அண்ணை, தாங்குகோலுக்கு எத்தனை நூல் இரும்பு போட்டனீங்கள்?

கோண்டாவில்காரன்:

இரண்டு நூல் கோண இரும்பு, தம்பி. வெறும் பட்டைத் தகடு என்றால் நெளியும். அலுமினியத்துக்குள் போகிற போல்ட் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கவேண்டும், அதையும் அளந்து பார்.